காரைக்குடியில் கடை போட வருகிறவருக்கு: விலை வைப்பதும் விற்பதும்

காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி பக்கம் கடை போடலாமா என்று கேட்டு வருகிற புதியவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கண்டாங்கிச் சேலை, ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் பூப்போட்ட சிமெண்ட் கல்), பலகாரம், பழைய சாமான் என்று ஏதாவது ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். இடம் பிடிக்கவும், போர்டு எழுதவும், இன்ஸ்டாகிராமில் படம் போடவும் யோசனை சொல்ல ஆள் கிடைக்கிறது. விலையை எப்படி வைப்பது, வைத்த விலையை வாங்க வந்தவரிடம் எப்படிச் சொல்வது என்பதைத்தான் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

"ஏன் இந்த விலை?" என்று ஒருவர் கேட்டால், காகிதமும் பேனாவும் எடுத்து அவர் கண்முன்னே கூட்டிக் காட்டக்கூடிய விலையாக இருக்க வேண்டும். அப்படி ஒரு விலையை வைத்துவிட்டால் பாதி வியாபாரம் முடிந்தது. வாய்ச்சாலகம் அதிகம் தேவைப்படாது. இந்தப் படிகள் எல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

1. முதலில் பொருள் பிறக்கும் இடத்தில் போய் நில்லுங்கள்

பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து தொழில் செய்த நகரத்தார் கடைகளில், புதிதாக வரும் பையனை முதலாளி இடத்தில் உட்கார வைக்கமாட்டார்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, கணக்கு எழுதுவதைப் பார்த்து, வருகிற ஆளைப் பார்த்து, பிறகு அடுத்தாள், அதன்பிறகு மேலாள் என்று ஏற வேண்டும். அந்த வரிசையில் நியாயம் இருக்கிறது. விற்கப் போகிற பொருளைப் பற்றி வாங்குபவரைவிட உங்களுக்கு அதிகம் தெரிந்திருக்க வேண்டும். அதற்குக் கொஞ்ச காலம் கைகட்டி நின்று பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

சேலை விற்பதென்றால் தறி ஓடும் வீட்டுக்குப் போங்கள். பாவு (சேலையின் நீளவாட்டு நூல்) எங்கே ஓட்டினார்கள், நூல் எத்தனையாம் நம்பர், சாயம் யார் போட்டது, ஒரு சேலை நெய்ய எத்தனை நாள் ஆகிறது, கூலி எவ்வளவு என்று கேளுங்கள். பாவு போடும் வேலையிலும் நூல் சுற்றும் வேலையிலும் வீட்டில் உள்ள மற்றவர்கள் உழைப்பும் இருக்கும். அதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கல் விற்பதென்றால் ஆத்தங்குடிப் பட்டறையில் ஒரு நாள் முழுக்க நில்லுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, கட்டத்துக்குக் கட்டம் வண்ணக் கலவையைக் கையால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவுவார்கள். பிறகு ஈரக் கலவையை நிரப்பி மட்டம் தட்டுவார்கள். அடுத்து தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, எடுத்து உலர்த்துவார்கள். சூளை கிடையாது, நெருப்பும் கிடையாது. கண்ணாடியோடு ஒட்டியிருந்த முகம்தான் அந்தப் பளபளப்பைத் தருகிறது. இதைக் கண்ணால் பார்த்தவருக்கு, ஒரே பூவில் இரண்டு கல்லுக்கு ஏன் சாயல் வித்தியாசம் வருகிறது என்பதை விளக்கத் தயக்கம் இருக்காது. பார்க்காதவர்தான் "அது அப்படித்தாங்க வரும்" என்று மழுப்புகிறார்.

2. அசல் கணக்கை முழுதாக எழுதுங்கள்

புதியவர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். அதிலும் வீட்டில் பலகாரம் போட்டு விற்கும் பெண்கள் படுகிற பாடு எனக்கு மனதை உறுத்துகிற விஷயம். அதனால் பலகாரத்தையே உதாரணமாக எடுக்கிறேன். எண்கள் கணக்குப் புரிவதற்காக வைத்தவை. உங்கள் அடுப்புக்கு உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பத்துக் கிலோ தேன்குழல் சுடுகிறோம். மாவு, வெண்ணெய், சீரகம் எல்லாம் சேர்த்து 900 ரூபாய். எண்ணெய் 1,100. கேஸ் 250. பிழிவதற்கும் சுடுவதற்கும் இரண்டு பேர் கூலி 1,000. கவர், அட்டைப்பெட்டி, லேபிள் 250. கூட்டினால் 3,500. கிலோவுக்கு 350 ரூபாய் என்று பலரும் இங்கேயே கோடு போட்டுவிடுகிறார்கள்.

ஆனால் பத்துக் கிலோவும் முழுசாக விற்காது. தேன்குழல் நொறுங்கும் பண்டம். ஒரு கிலோ உடைசலாகப் போனால் விற்கக் கூடியது ஒன்பது கிலோதான். அப்போது கிலோ அசல் சுமார் 390. கடை வாடகை, கரண்ட், வண்டிச் செலவு என்று கிலோவுக்கு 60 வைத்தால் 450. ஐந்நூறுக்கு விற்றால் கையில் நிற்பது ஐம்பதுதான், அதாவது விற்ற பணத்தில் பத்தில் ஒரு பங்கு. அதே தேன்குழலை "கிலோ 400, வீட்டுத் தயாரிப்பு" என்று விற்கிறவர், தான் லாபம் பார்ப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பார். மேலே சொன்ன இரண்டு கூலியும் அவரும் அவர் மாமியாரும் செய்த வேலைக்கானது. அதை அவர் கணக்கிலேயே எழுதியிருக்கமாட்டார்.

அதனால் கட்டாயமாகச் சொல்கிறேன்: உங்கள் உழைப்புக்கும் வீட்டார் உழைப்புக்கும் கூலி எழுதுங்கள். வெளியாளை வைத்தால் என்ன கொடுப்பீர்களோ அதை எழுதுங்கள். அதை எழுதாமல் வைத்த விலையும் ஒருவகையில் பொய்விலைதான். அந்த விலையைப் பார்த்துப் பழகிய வாடிக்கையாளர், கூலி கொடுத்து ஒழுங்காகச் செய்யும் பக்கத்துக் கடைக்காரரைக் கொள்ளைக்காரர் என்று நினைப்பார். ஒரு வருஷத்தில் நீங்களும் கைவலியோடு கடையை மூடுவீர்கள்.

அசல் கூடும்போது எண்ணெயில் கைவைக்கத் தோன்றும். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் சேரும் கெட்ட பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதியே இருக்கிறது. விலையை ஏற்றுங்கள், அல்லது எடையைக் குறைத்து அந்த எடையைப் பாக்கெட்டில் தெளிவாக எழுதுங்கள். எண்ணெயைத் தொடாதீர்கள்.

3. சதவீதத்தில் ஏமாறாதீர்கள்

சேலை அசல் 800, விலை 1,000. லாபம் எவ்வளவு? அசலின் மேல் பார்த்தால் 25 சதவீதம், விற்ற விலையின் மேல் பார்த்தால் 20. இது தெரியாமல், "நமக்குத்தான் 25 நிற்கிறதே, 20 தள்ளுபடி கொடுத்தாலும் 5 மிஞ்சும்" என்று ஆடித் தள்ளுபடி போட்டால், ஆயிரத்தில் இருநூறு போய் எண்ணூறு கைக்கு வரும். ஒரு காசு மிஞ்சாது. வாடகை உங்கள் பையில் இருந்து.

இன்னொன்று, இதற்கு நேர்மாறானது. ஆடிக்கு முந்தின வாரம் விலைச் சீட்டைக் கிழித்து 1,000-ஐ 1,400 ஆக்கி, "30 சதவீதம் தள்ளுபடி" என்று 980-க்குக் கொடுப்பது. எல்லோரும் செய்கிறார்கள் என்று சொல்வார்கள். செய்யாதீர்கள். சின்ன ஊர் இது. போன மாதம் விலை கேட்டுவிட்டுப் போனவர்தான் இந்த மாதமும் வருவார்.

4. எந்த அளவில் விலை சொல்கிறீர்கள் என்பதைப் பாருங்கள்

கல் வியாபாரத்தில் ஓசையில்லாமல் நடக்கும் குளறுபடி இது. எட்டுக்கு எட்டு அங்குலக் கல் ஒன்று 40 ரூபாய் என்றும், பத்துக்குப் பத்து ஒன்று 60 என்றும் வைத்துக்கொள்வோம். கேட்பவர் காதில் 40 மலிவாக விழும். ஒரு சதுர அடி என்பது 144 சதுர அங்குலம். எட்டங்குலக் கல் சதுர அடிக்கு 2.25 வேண்டும், பத்தங்குலக் கல் 1.44 போதும். அப்படியானால் முதல் கல் சதுர அடி 90 ரூபாய், இரண்டாவது 86 ரூபாய் 40 காசு. மலிவு என்று நினைத்ததுதான் விலை கூடியது.

ஆகவே கல் விலையும் சதுர அடி விலையும் சேர்த்தே எழுதுங்கள். கூடவே வெட்டுச் சேதம், உடைசலுக்கு எத்தனை கூடுதலாக வாங்க வேண்டும், லாரி வாடகை யாருடையது, இறக்குகூலி யாருடையது, பதிக்கும் கொத்தனார் கூலி இதில் சேருமா சேராதா என்பதையும் அதே தாளில் எழுதிக் கொடுங்கள். சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வந்து வாங்குபவருக்கு, கல்லின் விலையைவிட அது வீட்டுத் தரையில் உட்காரும்வரை ஆகிற செலவு பெரிதாக இருக்கும். அதை முதல் நாளே சொல்லிவிட்டால், சிலர் வாங்காமல் போவார்கள். போகட்டும். பாதி வழியில் சண்டை போட்டுப் போவதைவிட அது நல்லது.

5. ஒரே விலை

உள்ளூர் ஆச்சிக்கு ஒரு விலை, காரில் வந்தவருக்கு ஒரு விலை, வெள்ளைக்காரருக்கு ஒரு விலை. சுற்றுலா வளர்ந்த எல்லா ஊரிலும் இந்த வழக்கம் வந்துவிட்டது. நமக்கும் வந்திருக்கிறது. இதில் எனக்குச் சமாதானமே கிடையாது. பொருளின் அசல் ஒன்றாக இருக்கும்போது, ஆளின் சட்டையைப் பார்த்து விலை மாறினால் நாம் விற்பது பொருளை அல்ல, அவருடைய அறியாமையை.

விலையை எண்ணில் எழுதி ஒவ்வொரு பொருளிலும் தொங்கவிடுங்கள். உங்களுக்கு மட்டும் புரிகிற எழுத்துக்குறி வேண்டாம். பேரம் பேச வருகிறவர் வரத்தான் செய்வார். அதற்காகக் கோபப்படவும் கூடாது. உரையாடல் ஏறக்குறைய இப்படித்தான் போகும்:

"ஏப்பா, இவ்வளவு எடுத்திருக்கேன், கடைசியா என்னதான் சொல்றே?"

"ஆச்சி, சீட்டுல உள்ளதுதான் ஆச்சி எல்லாருக்கும். காலையில வந்தவங்களுக்கும் இதே விலைக்குத்தான் குடுத்தேன். உங்களுக்குக் குறைச்சா அவங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

"பழைய கடைக்காரன் குறைச்சுத் தருவான்."

"ஒரே மாதிரி நாலு சேலைக்கு மேல எடுத்தா என்ன குறையும்னு அந்தப் பலகையில எழுதியிருக்கு ஆச்சி. அது யாருக்கும் உண்டு."

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அளவுக்குத் தகுந்த குறைப்பு கொடுக்கலாம், அது எல்லோருக்கும் தெரியும்படி எழுதி இருந்தால். கல்யாணத்துக்குச் சாமான் வாங்க வருகிறவர்கள் மொத்தமாக எடுப்பார்கள். பெட்டி கட்டும் செலவும் பேசும் நேரமும் அதில் மிச்சமாகும், அந்த மிச்சத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுப்பது நியாயம். அப்புறம் கொசுறு. விலையில் கைவைக்காமல் ஒரு கை மாவுருண்டையோ சீப்புச் சீடையோ கூடப் போட்டுக் கொடுங்கள். ஆச்சிமார் மனது அதில் குளிரும், கணக்கும் கெடாது. போணி ஆகவேண்டும் என்பதற்காகக் காலையில் முதல் ஆளுக்கு அசலுக்குக் கீழே கொடுக்கும் பழக்கத்தை மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

6. கமிஷன்

கடை திறந்து கொஞ்ச நாளில் யாராவது வந்து கேட்பார்கள்: "வண்டியில ஆள் கூட்டிட்டு வர்றேன், எத்தனை பர்சென்ட்?" கணக்குப் பாருங்கள். அசல் 900, விலை 1,200. இருபது சதவீதம் கொடுத்தால் 240 போய் 60 மிஞ்சும். கட்டுபடியாகாது. அதனால் கடைக்காரர் விலையை 1,500 ஆக்குவார். அதில் 300 வண்டிக்கு, 1,200 கடைக்கு. நடந்து வந்தவரும் அதே 1,500 கொடுக்கிறார். இல்லையென்றால் அவருக்கு மட்டும் 1,200 என்று இரண்டு விலை ஆரம்பமாகிறது. எந்தப் பக்கம் போனாலும் முன்னால் சொன்ன கணக்குத் தாளில் காட்ட முடியாத ஒரு தொகை சேர்ந்துவிடும். "இந்த 300 எதற்கு?" என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

சதவீதம் கொடுக்காதீர்கள். டிரைவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. வெயிலில் காத்துக்கிடக்கிறார்கள், அவர்களும் பிழைக்க வேண்டும். நிழலில் உட்கார இடம், டீ, கழிப்பறை, வண்டி நிறுத்தம் செய்து கொடுங்கள். அதற்கு மேலும் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், விற்றாலும் விற்காவிட்டாலும் வண்டிக்கு இவ்வளவு என்று ஒரே தொகை வையுங்கள். அதை விளம்பரச் செலவில் எழுதி, எல்லாப் பொருளுக்கும் பரப்பிக் கணக்கில் சேருங்கள். விலைக்கும் கமிஷனுக்கும் தொடர்பு அறுந்துவிட்டால், விருந்தாளியை விலை கூடின பொருளிடம் தள்ளிவிடும் அவசியம் டிரைவருக்கும் இருக்காது. ஆரம்பத்தில் வண்டிகள் குறையும். அதைத் தாங்கும் அளவுக்குச் சில மாத வாடகையைக் கையில் வைத்துக்கொண்டு கடை திறங்கள்.

7. குறையை நீங்களே முதலில் சொல்லுங்கள்

சேலையில் தொடங்குகிறேன். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன்பிறகு பவர்லூம் துணியில் அதே கட்டமும் கரையும் போட்டு அந்தப் பெயரில் விற்பது சட்டப்படியும் குற்றம். பவர்லூம் சேலை விற்பது தவறில்லை. மலிவாக வேண்டும் என்பவருக்கு அதுவும் வேண்டும். தனி அலமாரியில் வைத்து, "பவர்லூம், கண்டாங்கி டிசைன்" என்று எழுதிவிடுங்கள். கரையோரம் ஊசிக்குறி (ஊசி குத்தியது போன்ற சின்னத் துளைகள்) இருந்தால் கைத்தறி என்று கடைகளில் காட்டுவார்கள். பவர்லூமிலும் அந்தக் குறி வரும் என்பதால் அதை மட்டும் நம்பிப் பேசாதீர்கள். எந்தத் தறியிலிருந்து வந்தது என்ற உங்கள் கொள்முதல் குறிப்பும், கைத்தறி முத்திரையும்தான் பேசவேண்டும். முதல் சில தடவை சாயம் கொஞ்சம் போகக்கூடிய நிறமென்றால், "தனியா அலசுங்க" என்று வாயால் சொன்னால் போதாது, சீட்டிலும் எழுதுங்கள்.

கல்லுக்கு: எலுமிச்சைச் சாறு, புளி, ஆசிட் பட்டால் கறை பிடிக்கும். துடைக்கத் துடைக்கத்தான் மெருகு ஏறும். கடையில் எண்ணெய் தடவிக் காட்டும் பளபளப்பு பதித்த அன்றே வராது. ஒரு கல்லை எண்ணெய் தடவாமல் பக்கத்திலேயே வையுங்கள். கறை பட்ட கல் ஒன்றையும் வையுங்கள். "இப்படியும் ஆகும்" என்று காட்டுவதால் விற்பனை குறையும் என்று பயப்படுவீர்கள். நான் பார்த்தவரை, கறையைப் பார்த்த பிறகும் வாங்கியவர் பிறகு போன் போட்டுத் திட்டுவதில்லை.

பழைய சாமான்தான் எல்லாவற்றிலும் சிக்கலானது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒருமுறை நடந்து பார்த்தாலே தெரியும்: எனாமல் பாத்திரம், கதவு, தூண், பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா படம். உண்மையான பழசும், பழசு மாதிரி செய்த புதுசும் ஒரே தெருவில் கிடைக்கும். நீங்கள் மூன்று சீட்டு வைத்துக்கொள்ளுங்கள்: "பழையது", "பழைய மரத்தில் புதிதாகச் செய்தது", "புதியது". தெரியாததைப் "பழையது" என்று எழுதாதீர்கள். எல்லா மரமும் பர்மா தேக்கு ஆகிவிடாது. எந்த ஊர் வீட்டிலிருந்து பிரித்து வந்தது என்ற குறிப்பு கையில் இருந்தால் மட்டும் அந்தப் பேச்சு பேசுங்கள். எனாமல் பாத்திரத்தைக் கவிழ்த்து அடியில் உள்ள முத்திரையைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லுங்கள்.

இதில் சட்டமும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு வயது தாண்டிய சிற்பம், ஓவியம் மட்டுமல்ல, கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருளும் தொல்பொருளாகலாம். அவற்றை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வெளிநாட்டு விருந்தினரிடம், "நூத்தம்பது வருஷத்துத் தூண், கப்பலில் அனுப்பிவிடலாம்" என்று பேசுகிறவர், பொய் சொல்கிறார் அல்லது குற்றம் செய்கிறார்.

8. எடை, லேபிள், பில்

இவை விதிகள், விவாதம் இல்லை. எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும். பெட்டி எடையைக் கழித்து நிறுங்கள். பாக்கெட் பலகாரத்தில் நிகர எடை, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, தயாரித்தவர் பெயரும் முகவரியும், தயாரித்த தேதி, எதுவரை சாப்பிடலாம், என்னென்ன சேர்ந்திருக்கிறது, பதினான்கு இலக்க உணவு உரிம எண், குறை சொல்ல ஒரு போன் நம்பர் இருக்க வேண்டும். கேட்டாலும் கேட்காவிட்டாலும் பில் போடுங்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பில் கொடுக்காததையே முறையற்ற வணிகம் என்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க உங்கள் பில்லில் காலவரை எழுதவில்லை என்றால் முப்பது நாள். "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது" என்று போர்டு மாட்டித் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இப்போது எல்லோருக்கும் தெரியும்.

9. கொள்முதலிலும் அதே நேர்மை

வாங்க வருகிறவரிடம் நியாயமாக நடந்துகொண்டு, நெசவாளரிடம் இழுத்தடிக்கிற கடைகள் உண்டு. சேலையை வாங்கி வைத்துக்கொண்டு, "வித்ததும் தர்றேன்" என்று மாதக்கணக்கில் அலைய விடுவது. அந்தச் சேலையின் கணக்குத் தாளில் கூலி என்று எழுதிய தொகை அப்போது உண்மை இல்லை. சரக்கு இறங்கிய அன்றே பணம் கொடுக்க முடிகிற அளவுக்கு மட்டும் வாங்குங்கள். முடியாதென்றால், எத்தனை நாளில் தருவீர்கள் என்று எழுதிக் கொடுத்து அந்த நாளில் கொடுங்கள். உள்ளூர்க்காரர் கடன் சொல்வதற்கும் ஒரு வரம்பு வைத்து, பேரேட்டில் அன்றைக்கே ஏற்றுங்கள். மனதில் வைத்த பாக்கிதான் சண்டையில் முடியும்.

வருஷக் கடைசியில் ஐந்தொகை (இருப்பும் கடனும் சேர்த்துப் பார்க்கும் ஆண்டுக் கணக்கு) போடும்போது, இருப்பில் உள்ள ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பாருங்கள். ஜன்னல் வெயிலில் மடிப்பு மங்கிய சேலை, மூலை உடைந்த கல், போன சீசன் கொட்டான் (பனையோலைக் கூடை) எதையும் வாங்கின விலைக்கே இருப்பில் எழுதாதீர்கள். இன்று என்ன விலைக்குப் போகுமோ அதை எழுதுங்கள். பிறகு அவற்றைத் தனியாக ஒரு மேஜையில் வைத்து, "மடிப்பு மங்கியது", "மூலை உடைந்தது" என்று காரணத்தை ஒவ்வொரு சீட்டிலும் எழுதி, குறைத்த விலையோடு அந்த வாரமே விற்பனைக்கு வைத்துவிடுங்கள்.